கரண்ட் இல்லாத ஊரின் மின்னிசை

இங்கிலாந்தின் சிறிய நகரமொன்றில் இயங்கும் சமூக வானொலி நிலையம் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்பும் இரண்டு மணித்தியால இசை நிகழ்ச்சியொன்று, யாழ்ப்பாணத்தில் திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரை மணிக்குத் தொடங்குகிறது. அங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் மாதங்களில் அது ஒரு மணித்தியாலம் முந்திவிடுவதால் உறக்கத்தில் சிறிது மிச்சம் பிடிக்கலாம். பின்னர் ஆறுதலாகக் கேட்பதற்கு இணையத்தில் ஒலிப்பதிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வானொலியை அது ஒலிபரப்பாகும் நேரத்திலேயே கேட்கவேண்டும் என்ற பிடிவாதம் இலங்கை வானொலியோடு வளர்ந்தவர்களை எளிதில் விட்டுப்போவதில்லை. நானும் அந்த வகையைச் சேர்ந்தவன்.

நிகழ்ச்சி முழுவதும் சிந்த்பொப்புக்கும் (சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை அடிப்படையாகக் கொண்ட பொப் இசை), எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எண்பதுகளின் முடிவு வரை உருவான மின்னணு இசைக்கும் உரியது. சென்ற மாதம் வெளியான பாடலொன்றையும் 1981இல் வெளியான பாடலொன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து ஒலிக்கவிடுவார்கள். இவற்றில் எது பழையது, எது புதியது என்று கேட்பவர் மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பாளர் வந்து, பாடியவர் யார், தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, எந்தச் சிந்தசைசர், எந்தத் தாள இயந்திரம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டின் ஏற்பாட்டுக்குப் பின்னர் இலாப நோக்கமற்ற சமூக வானொலிகளுக்குத் தனியாக அனுமதி வழங்கப்படுகிறது. இவற்றைப் பெரும்பாலும் தொண்டர்களே நடத்துவதால், சிலரே விரும்பும் ஓர் இசைவகைக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலத்தை முழுதாக ஒதுக்கிவிட முடிகிறது. விளம்பரத்தை நம்பி வாழும் நிலையமொன்று அதற்குத் துணியாது.

அந்த அறிவிப்பாளரின் முறை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கிய வானொலி, பின்னாளில் தன் தமிழ்ச் சேவைகளின் வழியாக எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஒழுக்கம், பாடலை அதன் விபரங்களோடு கேட்பதுதான். படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்ற அந்த வரிசை ஒருபோதும் பிசகாது. கண்ணதாசன் எது, வாலி எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரித்தறிந்ததும் அந்த வரிசையினால்தான். இன்றைய பண்பலைகளில் பாடல் பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த பாடலுக்குத் தாவும்போது, ஆங்கிலேயர் ஒருவர் நடுச்சாமத்தில் எங்கள் பழைய அறிவிப்பாளர்களின் மரபைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரே என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு. அவர் பாடலாசிரியருக்குப் பதிலாக இயந்திரத்தின் பெயரைச் சொல்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த இசையில் இயந்திரத்தின் பெயர் வெறும் அலங்காரத் தகவலாக இருப்பதில்லை; என்ன இயந்திரம் கையில் இருந்தது, அது என்ன விலைக்குக் கிடைத்தது என்பதே இதன் வரலாற்றில் பெரும்பகுதி. றொபேர்ட் மூக் 1964இல் உருவாக்கத் தொடங்கிய சிந்தசைசர், சுவரளவு பெட்டிகளும் தொங்கும் வயர்களுமாக, பல்கலைக்கழகங்களுக்கும் வசதி படைத்த கலையகங்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1970இல் வந்த மினிமூக் அதனை மேடைக்குத் தூக்கிச் செல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கியது. ஜேர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வேர்க் குழுவினர் 1974இல் நெடுஞ்சாலைப் பயணமொன்றை இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் மின்னிசையாக்கினர். 1977இல் ஜோர்ஜியோ மொரோடர் மியூனிக்கில் டொனா சமரைப் பாடவைத்து உருவாக்கிய நடனப் பாடலில், குரலையும் பெரிய மேளத்தின் அடியையும் தவிர மற்றவை ஏறக்குறைய அனைத்தும் மூக் இயந்திரத்திலிருந்து வந்தவை. அந்தப் பாடலை நிகழ்ச்சியில் எத்தனை தடவை கேட்டாலும், அதன் அடிநாதம் முதல் சில விநாடிகளிலேயே ஆளைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

அதன் பின்னர் கோர்க், ரோலண்ட் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் விலையைக் கீழே கொண்டுவந்தன. உருக்குத் தொழிலின் நகரமான ஷெஃபீல்டிலிருந்து ஹியூமன் லீக்கும், லண்டனுக்கு வெளியே புதிதாக எழுந்த பசில்டனிலிருந்து டெபெஷ் மோடும் புறப்பட்டமை தற்செயலன்று. பியானோ வகுப்புக்குப் போக வசதியில்லாத, கிற்றார் பழகப் பொறுமையில்லாத இளைஞர்கள், ஒரு விரலால் அழுத்தினாலும் முழுமையான ஒலியைத் தரும் கருவியைக் கண்டு மயங்கியதில் வியப்பேதுமில்லை. வித்துவான்களுக்கு இது பிடிக்கவில்லை. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களுக்கும் தாள இயந்திரங்களுக்கும் தடை கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. ஒரு பெட்டி வந்தால் பத்து வயலின்காரரின் பிழைப்புப் போய்விடும் என்பதே அவர்களின் அச்சம்.

இந்தச் செய்தியை எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவொன்றில் நெடுங்காலம் கீபோட் வாசித்த அண்ணை ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பி, அது நடந்ததுதானே. எங்கட குழுவில அக்கோடியனும் புல்லாங்குழலும் நிண்டுபோனது நான் வந்த பிறகு. அவையள் என்னோட கதைக்கிறதையும் விட்டுட்டினம்" என்றார். கோயில் திருவிழா மேடைகளில் ஒரு மனிதர், இரண்டு கைகளால் முழு வாத்தியக் குழுவாக மாறிவிடுவதை வாய் பிளந்து பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். அந்தக் காட்சிக்கு இப்படியொரு விலை இருந்தது அன்றைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிகழ்ச்சியைச் சில வாரங்கள் அந்த அண்ணையும் என்னோடிருந்து கேட்டார். ஆங்கிலப் பாடல்களில் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் ஒலிகளைப் பற்றி அவரிடம் கேட்கவேண்டும். ஒரு பாடலின் தொடக்கத்தில் கண்ணாடிக் குவளையைத் தட்டியது போன்ற மின்பியானோ ஒலி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது டிஎக்ஸ்7 எல்லோ! எங்கட பாட்டுகளில கேட்ட சத்தம்" என்றார். யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட அந்தக் கருவி, ஜோன் சௌனிங் என்பவர் 1967இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த முறையில், ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவித்து ஒலியை உண்டாக்குகிறது. அதில் புதிய ஒலியொன்றை அமைப்பது பெரும் சிக்கலாக இருந்தபடியால், உலகம் முழுவதும் பெரும்பாலானோர் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒலிகளையே வாசித்தனர். லண்டன் பாடகரின் காதல் பாட்டிலும் சென்னைத் திரைப்பாட்டிலும் ஒரே பியானோ ஒலித்ததற்கு இதுவே காரணம்.

எனவே இந்த இசை எங்களுக்கு முற்றிலும் புறத்தே இருந்தது என்று சொல்லமுடியாது. இளையராஜா 1986இல் இசையமைத்த புன்னகை மன்னன், கணினியின் துணையோடு இசையமைக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகப் பரவலாகப் பேசப்படுகிறது. அந்தக் காலத்தில் அவருடைய குழுவில் கீபோட் வாசித்த இளைஞர்களில் பின்னாளின் ஏ. ஆர். ரகுமானும் ஒருவர். அதற்கும் முன்பு, 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டின் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர், டிபி-303 அடிநாத இயந்திரம், டிஆர்-808 தாள இயந்திரம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிக்காகோவில் 1987இல் தோன்றிய அசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே இதே டிபி-303இன் முறுகும் ஒலி பம்பாயில் பதிவாகியிருப்பதை மேற்குலகம் திகைப்போடு கவனித்தது. இந்த நிகழ்ச்சியில் அதன் மல்கௌன்ஸ் (எங்கள் ஹிந்தோளத்துக்கு நிகரான ராகம்) ஒலித்த இரவில், எங்கள் நாதஸ்வரக்காரர் வாசிக்கக் கேட்ட ஹிந்தோளம் அங்கே ஜப்பானியப் பெட்டிக்குள்ளிருந்து புறப்பட்டு வருவதைக் கேட்டு அண்ணை ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுருதிப்பெட்டியே மின்சாரத்துக்கு மாறி மேடையில் வித்துவானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காலத்தில், இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டேன்.

ஆங்கில மின்னிசை எங்கள் வீட்டுக்குள் நேரடியாக நுழைந்தது ஒரேயொரு கசற்றின் வழியாகத்தான். அன்றைய யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார்கள் இருந்தன. கொப்பித் தாளில் பாடல்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கசற்றிலோ தொண்ணூறு நிமிடக் கசற்றிலோ பதிந்து தருவார்கள். அங்கே ஆங்கிலப் பாடலுக்கு அவ்வளவு இடமிருக்கவில்லை. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த மச்சான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது விட்டுச்சென்ற கசற்றின் அட்டையில் பாடல்களின் பெயரோ பாடியவரின் பெயரோ இருக்கவில்லை. நீலப் பேனாவால் 'இங்கிலீஸ் 2' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்றாவது கசற் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் பட நிறுத்தி, பின்சில்லின் ரயரோடு டைனமோவின் தலையை அழுத்தி வைப்போம். டைனமோவிலிருந்து புறப்படும் இரண்டு வயர்கள், டயோட்டுகளும் கப்பாசிட்டரும் ஒட்டிய ஒரு சிறிய மட்டைத் துண்டுக்குப் போய், அங்கிருந்து ரேப் ரெக்கோடரின் பற்றறி அறைக்குள் நுழையும். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். முதல் உரிமை பிபிசி தமிழோசையின் செய்திக்கு. செய்தி முடிந்து, பெரியவர்கள் அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போன பின்னர், கையில் வலு மிச்சமிருந்தால் மட்டும் பாட்டு.

சுற்றுகிற கை தளர்ந்தால் மோட்டாரின் வேகம் குறையும். பெண் பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகி, தாளம் சேற்றில் இறங்கிவிடும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் அத்தனை பேரும் கீச்சிடுவார்கள். மனிதப் பிழையே இல்லாமல் இயந்திரத் துல்லியத்தோடு தாளம் போடவேண்டும் என்று டுசெல்டோர்ஃபிலும் ஷெஃபீல்டிலும் பாடுபட்டு உருவாக்கிய இசையை, நாங்கள் எங்கள் கைமூட்டு வலியின் வேகத்தில் கேட்டோம். இன்றைக்கு இதே இசையைப் புதிதாகச் செய்பவர்களிற் பலர், பழைய கசற்றில் ஒலிப்பது போன்ற தள்ளாட்டத்தைக் கணினியில் மென்பொருள் வைத்து வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அந்தத் தள்ளாட்டத்துக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறார்கள் என்று சொன்னால், அன்று என்னோடு முறை வைத்துப் பெடல் சுற்றிய சின்னண்ணா நம்பமாட்டார்.

அந்தக் கசற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, குரல் தொடங்குவதற்கு முன்னரே சிந்தசைசர் ஒரு துள்ளல் மெட்டை வாசித்துவிடும் பாடலொன்று. சொற்கள் விளங்கவில்லை. பொம்பர் என்ற குண்டுவீச்சு விமானம் சுற்றிப் போன பின்னர் பங்கரிலிருந்து வெளியே வந்து அதைப் போட்டுக் கேட்டதும், தங்கை அதற்கு ஆடியதும் நினைவிருக்கிறது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உயிரோடும் கையில் அகப்பட்டதோடும் தென்மராட்சிக்குப் போனபோது கசற் வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது ரேப் ரெக்கோடரே இல்லை. பாடலின் பெயர் தெரியாதபடியால், பிற்காலத்தில் இணையம் வந்த பிறகும் எதைச் சொல்லித் தேடுவது என்று தெரியவில்லை. மெட்டை முணுமுணுத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் கையை விரித்தார்கள்.

அந்தப் பாடலை இந்த நிகழ்ச்சியில்தான் மறுபடி கேட்டேன். முடிந்ததும் அறிவிப்பாளர் தம் வழக்கப்படி விபரம் சொன்னார்: லிவர்பூலுக்கு அருகிலிருந்து வந்த ஓர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க் குழு, 1980, பாடல் 'எனோலா கே'. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை எட்டேகால் மணிக்கு ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டைப் போட்ட விமானத்தின் பெயர் அது; விமானி தன் தாயின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். குண்டு போடுகிற விமானத்தைப் பற்றிய பாட்டுக்கா நாங்கள், அதே போன்ற விமானங்கள் எப்போது திரும்பி வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆடினோம் என்று எண்ணியபோது முதலில் வந்தது சிரிப்புத்தான். இன்னொன்றும் கவனித்தேன். வானொலியில் ஒலித்த பாடல், என் நினைவில் இருந்ததைவிடச் சற்று வேகமாகவும் அரைச் சுரம் உயர்ந்தும் இருந்தது. சின்னண்ணாவின் கை அவ்வளவுக்குத் தளர்ந்திருந்திருக்கிறது.

இதனால்தான், அந்த நிகழ்ச்சிக்கு மின்னஞ்சல் எழுதும் ஐம்பது வயதுக்காரர்களின் ஏக்கத்தில் எனக்கு முழுப் பங்கில்லை என்று சொல்வேன். பாடசாலை நடனம், முதல் கார், இரவு விடுதி என்று அவர்கள் எழுதுவதை அறிவிப்பாளர் வாசிக்கிறார். அவர்கள் ஏற்கெனவே வாழ்ந்த ஒன்றுக்குத் திரும்பிப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரத்தை நம்பிய இந்த இசை வந்துசேரவேண்டிய காலத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே 1981ஆம் ஆண்டின் பாடல்களிற் பெரும்பாலானவை எனக்குப் புதிய பாடல்கள். பழையதையும் புதியதையும் கலந்து ஒலிக்கவிடும் அவர்களின் விளையாட்டில், இரண்டையும் ஒரே வாரத்தில் முதன்முறையாகக் கேட்பவன் என்ற ஒரு வசதி எனக்கு உண்டு. ஏக்கத்தின் தள்ளுபடி இல்லாமல் எடைபோட முடிகிறது.

அப்படி எடைபோட்டால், இன்றைய சிந்த்பொப்பில் கணிசமான பகுதி சோர்வைத் தருகிறது. ஊதா வானம், பாதி மறைந்த சூரியன், பனைமரம், வேகமான கார் என்ற ஒரே அட்டைப்படம். ரோலண்ட் ஜூனோ சிந்தசைசரின் அகன்ற ஒலியைப் பாவனை செய்யும் அதே மென்பொருள். பெரிய கூடத்தில் அடித்துச் சட்டென்று அறுத்துவிட்டது போன்ற அதே தாள ஒலி. பனைமரத்தை யாழ்ப்பாணத்தானுக்குக் காட்டிக் கனவுலகம் என்று சொல்வதில் உள்ள நகைச்சுவை அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பிரெஞ்சுக்காரரான கவின்ஸ்கி 2010இல் வெளியிட்ட பாடலொன்று அடுத்த ஆண்டு திரைப்படமொன்றின் தொடக்கத்தில் ஒலித்து உலகப் புகழ் பெற்ற பிறகு, அதன் நிழலில் முளைத்தவை ஏராளம். 2016இல் எண்பதுகளைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடரொன்று வந்து அந்த மோகத்தை இன்னும் பெருக்கியது. அதே தொடரின் புண்ணியத்தில் கேட் புஷ் 1985இல் பாடிய பாடல் 2022இல் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்ததை மட்டும் நான் மனமார வரவேற்கிறேன்.

கிளாஸ்கோவின் சேர்ச்சஸ் குழு 2013இல் வெளியிட்ட முதல் தொகுப்பு வேறு வகையானது. கருவிகளின் நிறம் பழையதாக இருந்தாலும், பாடகியின் குரலில் உள்ள கோபம் எந்தப் பத்தாண்டிலிருந்தும் கடன் வாங்கப்பட்டதன்று. த வீக்கெண்ட் 2019இல் வெளியிட்ட 'பிளைண்டிங் லைட்ஸ்', பில்போர்ட் நூறு பாடல் பட்டியலின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றிப் பாடலாக 2021இல் அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து முச்சக்கரவண்டிகளிலும் அது ஒலித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த நிகழ்ச்சியின் உண்மையான பயன், இத்தகைய பெரிய பெயர்களில் இல்லை. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் படுக்கையறையில் பதிவு செய்து, சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்திருக்கும் குழுக்களை அறிவிப்பாளர் தேடிக் கொண்டுவருகிறார். அவற்றில் பாதி மறந்துபோகக்கூடியவை. மறு பாதிக்காக விழித்திருக்கலாம்.

ஊரில் இணைய வானொலி நடத்தும் இளைஞர்கள் சிலர், இதே போன்ற நிகழ்ச்சியைத் தமிழில் செய்வதானால் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீபோட் அண்ணையும் நானும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: எந்தப் பாட்டானாலும் அதை வாசித்த பெட்டியின் பெயரைச் சொல்லவேண்டும், தெரியாவிட்டால் அந்தப் பாட்டையே போடக்கூடாது. இதனால் எங்கள் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது. தமிழ்த் திரைப்பாடல்களில் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்ற விபரம் இசைத்தட்டு உறைகளில் அச்சாவதே அரிது. வாசித்தவர்களைக் கேட்டறியவேண்டும், அவர்களிற் பலர் இப்போது இல்லை. சென்னையில் உள்ள பழைய கலைஞர்கள் இருவருக்கு அண்ணை எழுதியிருக்கிறார், ஒருவர் பதில் அனுப்பியிருக்கிறார்.

முதல் நிகழ்ச்சியின் முதல் பாடல் எது என்பதில்தான் இன்னும் உடன்பாடில்லை. மொரோடரின் 1977ஆம் ஆண்டுப் பாடலில் தொடங்கி, சரண்ஜித் சிங்கின் ராகமொன்றுக்குப் போய், அங்கிருந்து 1986இன் சென்னைக்கு வருவது முறையென்பது என் கட்சி. அவரோ, "தம்பி, சனம் றேடியோவைத் திருப்பினவுடன தெரிஞ்ச சத்தம் ஒண்டு வரவேணும். முதல் ராஜா. பிறகு நீங்கள் ஜேர்மனிக்குப் போனாலும் சரி, சிக்காகோவுக்குப் போனாலும் சரி, சனம் பின்னால வரும்" என்கிறார். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முதல் நாள் வரையில் இந்த வாதம் போகும் என்று நினைக்கிறேன். அந்த நிகழ்ச்சியில் 'எனோலா கே' வருவதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. அதையும் சரியான வேகத்தில் போடுவதா, சின்னண்ணா சுற்றிய வேகத்தில் போடுவதா என்று அண்ணை கேட்டிருக்கிறார்.